மொக்கைப் படமும் கொஞ்சம் கும்மியும்

'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' என்று ஓர் அமெரிக்கப் படம். 1956-ல் எடுத்தது. எட் வுட் என்பவர் இயக்கம். உலகத்திலேயே மோசமான படம் என்று பட்டம் வாங்கியது. நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து இதைப் பார்த்தால், படம் முடிந்ததும் நடக்கிற பேச்சு அநேகமாக ஒரே வழியில்தான் போகும். முதலில், இடுகாட்டில் அட்டைக் கல்லறை ஆடியதற்குச் சிரிப்பு. அடுத்து, ஒரே காட்சியில் பகலும் இரவும் மாறி மாறி வந்ததற்கு. பிறகு, அங்கியால் முகத்தை மூடிக்கொண்டே நடமாடுகிற அந்த நெட்டையன் யார் என்று ஒருவர் கேட்பார். அது பேலா லுகோசிக்கு டூப், படப்பிடிப்பு தொடங்குவதற்கு முன்பே லுகோசி செத்துவிட்டார் என்பார் இன்னொருவர். மார்ஃபின் பழக்கம் இருந்ததாமே? ஹங்கேரிக்காரராமே? அங்கேயிருந்து ஏன் ஓடி வந்தார்? அரை மணி நேரத்தில் பேச்சு 1919-ம் வருட புடாபெஸ்டில் போய் நிற்கும். பறக்கும் தட்டு, எழுந்து நடக்கிற பிணம், வேற்றுக்கிரகவாசி எல்லாம் காணாமல் போயிருக்கும்.

அப்போது ஒருவர் தொண்டையைக் கனைப்பார். "எங்கேயோ போய்ட்டீங்க. படத்தைப் பத்திப் பேசுங்கப்பா."

எல்லாக் கூட்டத்திலும் இவர் ஒருவர் உண்டு. பட்டிமன்றத்தில் மணி அடிப்பதற்கென்றே பிறந்தவர். குரோசாவாவின் மழைக் காட்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவர் கிரிக்கெட் ஸ்கோர் கேட்டால், மணி அடிப்பது நியாயம்தான். ஆனால் மோசமாக இருப்பதற்காகவே கொண்டாடப்படுகிற படங்கள் விஷயத்தில் இந்த மணிக்காரர் கேட்பது அநியாயம். அந்தப் படங்களைப் பற்றி உருப்படியான விஷயம் என்று ஏதாவது வெளியே வந்திருக்கிறது என்றால், அதில் பெரும்பகுதி பேச்சு தடம் மாறியதால் வந்ததுதான்.

முதலில், சிரிப்பு எங்கேயிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

அந்த நெட்டையனையே எடுத்துக்கொள்ளுங்கள். படத்துக்குள் மட்டும் பார்த்தால் அவர் அங்கி போட்ட ஒரு கிழட்டுப் பிணம். முகத்தை மூடியிருக்கிறார், அவ்வளவுதான். பேய்ப் படத்தில் பேய் முகத்தை மூடிக்கொண்டால் யார் சிரிப்பார்கள்? லுகோசி 1956 ஆகஸ்ட் 16-ம் தேதி இறந்துபோனார், வுட்டின் கையில் அவர் நடித்த சில நிமிட ஃபிலிம் மட்டும் மிச்சம் இருந்தது, அதை வைத்துக்கொண்டு ஒரு முழுப் படம் பண்ணத் துணிந்தார், மிச்சக் காட்சிகளுக்குத் தன் மனைவியின் முதுகெலும்பைப் பிடித்துச் சரிசெய்த கைரோபிராக்டரை அழைத்து வந்து நிறுத்தினார், அந்த டாம் மேசன் லுகோசியைவிட உயரம், முகச்சாயலும் கிடையாது, அதனால்தான் அங்கி. இத்தனையும் தெரிந்த பிறகுதான் சிரிப்பு வருகிறது. இதில் ஒரு வரிகூடப் படத்துக்குள் இல்லை. யாரோ ஒருவர் எப்போதோ தடம் மாறிப் பேசிச் சொன்னவை. ஆக, மணிக்காரர் முதல் சிரிப்பு சிரித்தபோதே படத்தை விட்டு வெளியே வந்தாகிவிட்டது. வெளியே நின்றுகொண்டு மற்றவர்களை உள்ளே போகச் சொல்கிறார்.

இந்த வகை ரசனைக்கு 'கேம்ப்' என்று பெயர். சூசன் சான்டாக் 1964-ல் இதைப் பற்றி 58 குறிப்புகளாக ஒரு கட்டுரை எழுதினார். தெரிந்தே செய்கிற கேம்ப் வேறு, தெரியாமல் விளைகிற கேம்ப் வேறு என்று பிரித்தார். இரண்டாவதுதான் உசத்தி என்பது அவர் கட்சி. படம் எடுத்தவர் முழு நம்பிக்கையோடு, மிகத் தீவிரமாக ஒன்றைச் செய்ய நினைத்திருக்க வேண்டும், அது கைக்கு எட்டாமல் போயிருக்க வேண்டும். அப்படியானால் ரசிகன் ரசிப்பது எதை? நினைத்ததற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளியை. நடந்தது திரையில் இருக்கிறது. நினைத்தது எங்கே இருக்கிறது? எடுத்தவனின் சட்டைப்பையில், கடன் பத்திரத்தில், அவன் மனைவியின் ஞாபகத்தில். அங்கே போய்த் தேடாமல் இடைவெளியை அளக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. கேம்ப் என்பது முதலில் ஒருபால் ஈர்ப்புள்ளவர்கள் தங்களுக்குள் வளர்த்துக்கொண்ட பேச்சு. வெளிப்படையாகப் பேசினால் போலீஸ் பிடிக்கும் என்கிற காலம் அது (இங்கிலாந்தில் 1967 வரைக்கும் ஆண்களுக்கு இது குற்றம்). அவர்கள் ஒரு நடிகையின் மிகையான அழுகையைப் பற்றிப் பேசியபோது உண்மையில் பேசியது அந்த நடிகையைப் பற்றி மட்டுமா? படம் ஒரு சாக்கு. தலைப்பை விட்டு விலகுவதற்காகவே ஒரு தலைப்பு. அந்தப் பேச்சிலிருந்து சிரிப்பை மட்டும் உருவிக்கொண்டு, "தலைப்பை விட்டுப் போகாதே" என்று சட்டம் போடுவது கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனை மிரட்டுகிற கதை.

சரி, மணிக்காரர் சொல்கிறபடியே நடப்போம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தைப் பற்றி மட்டும் பேசினால் என்ன ஆகும்?

என்ன ஆகும் என்பதற்குப் பழைய உதாரணமே இருக்கிறது. 'தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ' 1975-ல் வந்து ஊற்றிக்கொண்ட படம். 1976 ஏப்ரலில் நியூயார்க்கின் வேவர்லி தியேட்டரில் நள்ளிரவுக் காட்சியாகப் போட ஆரம்பித்தார்கள். தனியாக உட்கார்ந்திருந்த சிலர் திரையைப் பார்த்து பதில் கொடுக்க ஆரம்பித்தார்கள். முதல் முறை அது அபாரமான விஷயமாகத்தான் இருந்திருக்கும். ஒருவனுக்குத் தோன்றியது, சொன்னான். இன்று? எந்த வசனத்துக்கு எந்த பதில், எந்த இடத்தில் அரிசி எறிவது, எப்போது செய்தித்தாளைத் தலையில் பிடிப்பது என்று எல்லாமே மனப்பாடம். தாராளமாக ஆடட்டும், பாடட்டும், சந்தோஷம். ஆனால் அது பேச்சு இல்லை, பஜனை. 2003-ல் வந்த 'தி ரூம்' படத்துக்கும் அதே கதிதான். வீட்டு மேஜைமேல் ஸ்பூன் படம் போட்ட ஃபிரேம் ஒன்று இருக்கிறது என்பதற்காகத் தியேட்டரில் பிளாஸ்டிக் ஸ்பூன் எறிவார்கள். முதலில் ஸ்பூனைக் கவனித்தவன் ரசிகன். ஆயிரமாவது ஸ்பூனை எறிகிறவன் வெறுமனே ஸ்பூன் எறிகிறவன்.

படத்துக்குள்ளேயே நின்றால் பத்து ஜோக் தேறும். அந்தப் பத்தும் தீர்ந்துபோனால் திரும்ப முதலிலிருந்து. அப்படித் திரும்பத் திரும்பச் சொல்வதில் பொய்யும் கெட்டிப்பட்டுவிடும். பிளான் 9-ல் பறக்கும் தட்டாக வந்தது பேப்பர் பிளேட்டு, கார் சக்கரத்து மூடி என்று எத்தனை வருடம் எத்தனை பேர் சிரித்தார்கள்! இரண்டும் இல்லை. கடையில் விற்ற பிளாஸ்டிக் பொம்மைத் தட்டு, பாகம் பாகமாக ஒட்டிச் செய்கிற ரகம். அதைக் கண்டுபிடிக்கச் சினிமா தெரிந்தால் போதாது, 1950-களின் பொம்மை தெரிந்திருக்க வேண்டும். தடம் மாறாமல் அங்கே எப்படிப் போவதாம்?

ஒலிவாங்கியின் நிழல் தெரிகிறது, மைக் தொங்குகிறது என்கிற கேலியும் அப்படித்தான். தியேட்டரில் மேலும் கீழும் மறைத்து அகலத் திரையில் காட்டுவது அந்தக் கால வழக்கம். அதற்குத் தக்கபடி எடுத்த படத்தை டிவியில் முழுச் சட்டத்தையும் திறந்து காட்டினால், மறைந்திருக்க வேண்டிய கண்றாவியெல்லாம் தெரியத்தான் செய்யும். இதில் எவ்வளவு வுட்டின் தப்பு, எவ்வளவு டிவிக்காரன் தப்பு என்று தெரிய வேண்டுமானால் புரொஜெக்டர், லென்ஸ், திரை அளவு என்று பேச வேண்டும். மணிக்காரருக்குக் கொட்டாவி வரும்.

காசு விஷயமும் படத்துக்குள் இல்லை. சுமார் 60,000 டாலர் போட்டது பெவர்லி ஹில்ஸில் ஒரு பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர்கள். இதில் லாபம் வந்தால் அதை வைத்துப் பக்திப் படங்கள் எடுக்கலாம் என்று அவர்களுக்கு ஆசை. அதற்காக வுட்டும் நடிகர்கள் சிலரும் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார்கள். முதலில் வைத்த தலைப்பில் 'கல்லறைத் திருடர்கள்' என்று இருந்தது. சபைக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை, மாற்றினார்கள். வேற்றுக்கிரகவாசி படம் எடுக்க மதம் மாறின இயக்குநர் வேறு யாராவது உண்டா? கல்லறை ஆடியதைவிட இது பெரிய காமெடி இல்லையா? காமெடி மட்டுமா?

இப்போது லுகோசியிடம் வருவோம். மணிக்காரர் பேச்சை வெட்டிய இடம் அதுதான்.

1931-ல் 'டிராகுலா' படத்துக்கு அவருக்குக் கிடைத்தது வாரம் 500 டாலர், 7 வாரத்துக்கு. அந்தப் படத்தை வைத்து ஸ்டுடியோ எவ்வளவு சம்பாதித்தது என்பதை விடுங்கள். அதற்குப் பிறகு அவருக்கு வேறு வேஷமே கிடைக்கவில்லை. உச்சரிப்பு அப்படி, முகம் அப்படி. ஹங்கேரியில் மேடை நடிகராக இருந்தபோது 1919 புரட்சியில் நடிகர்களுக்குச் சங்கம் கட்டியவர். புரட்சி தோற்றதும் உயிருக்குப் பயந்து ஓடினார். ஹாலிவுட் வந்த பிறகும் 1933-ல் நடிகர் சங்கம் ஆரம்பித்தபோது முதல் வரிசை உறுப்பினர்களில் ஒருவர். முதல் உலகப் போரில் பட்ட காயம், நரம்பு வலி, அதற்கு டாக்டர் கொடுத்த மருந்து, மருந்தே பழக்கம் என்று போய், 1955-ல் தானாகவே அரசு மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை எடுத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் ஒரு நடிகர் போதைப் பழக்கத்தை வெளியே ஒப்புக்கொள்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. பத்திரிகைகள் படம் பிடித்துப் போட்டன.

பேச்சு இங்கே வரைக்கும் வந்துவிட்டால் அப்புறம் யாருக்கும் அந்த அங்கியைப் பார்த்து முன்போலச் சிரிக்க வராது. சிரிப்பார்கள், ஆனால் வேறு மாதிரி. மணிக்காரருக்கு இதுதான் பிரச்சினை. தலைப்பின் மேல் அவருக்கு அப்படி ஒன்றும் பக்தி கிடையாது. சிரிப்பு கெட்டுவிடுமே என்று பயம். "படத்தைப் பத்திப் பேசு" என்றால் "இவங்களை மனுஷங்களாக்கிடாதே" என்று அர்த்தம். நேராகச் சொல்ல மாட்டார், அவ்வளவுதான்.

இது அபாண்டம் என்று தோன்றினால், மணிக்காரர்கள் ஒழுங்காகத் தலைப்பிலேயே நின்று செய்த காரியத்தைப் பாருங்கள். ஹாரி மெட்வெட், மைக்கேல் மெட்வெட் என்று இரண்டு சகோதரர்கள் 1980-ல் 'தி கோல்டன் டர்க்கி அவார்ட்ஸ்' என்று ஒரு புத்தகம் போட்டார்கள். வாசகர்கள் ஓட்டுப் போட்டதில் பிளான் 9 உலகின் மோசமான படம். எட் வுட் உலகின் மோசமான இயக்குநர். வுட் இறந்தது 1978 டிசம்பர் 10. வயது 54. வாடகை பாக்கிக்காக வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டு, நண்பர் ஒருவர் வீட்டில் தங்கியிருந்தபோது, சில நாட்களிலேயே. கடைசி வருடங்களில் மலிவு நாவல்களும் ஆபாசப் படக் கதைகளும் எழுதிப் பிழைத்தார், குடித்தார். அவர் செத்து இரண்டு வருடத்தில் மகுடம் சூட்டினார்கள். (அந்தப் புத்தகத்தில் இல்லவே இல்லாத ஒரு படத்தையும் வேண்டுமென்றே சேர்த்து, எது என்று கண்டுபிடியுங்கள் என்று சவால் வேறு. படங்களைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொன்னார்கள் என்று நம்பலாம்தான்.)

கேலி செய்ததால்தானே வுட்டின் பெயர் நிலைத்தது என்று ஒரு வாதம் உண்டு. பாதி சரி. பெயர் நிலைத்தது, ஆள் நிலைக்கவில்லை. ஆளைத் திரும்பக் கொண்டுவந்தது 1992-ல் வந்த ருடால்ஃப் கிரேயின் 'நைட்மேர் ஆஃப் எக்ஸ்டசி' என்ற புத்தகம். அது என்ன மாதிரிப் புத்தகம் தெரியுமா? வுட்டைத் தெரிந்தவர்கள் பேசின பேச்சைத் தொகுத்தது. ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுக்கிறார், எங்கேயோ போகிறார்கள், திரும்ப வருகிறார்கள். அச்சடித்த கும்மி. அதை வைத்துத்தான் டிம் பர்ட்டன் 1994-ல் 'எட் வுட்' எடுத்தார். லுகோசியாக நடித்த மார்ட்டின் லாண்டாவுக்கு ஆஸ்கர் கிடைத்தது. வசூலில் அந்தப் படமும் படுத்துவிட்டது. வுட்டின் ராசி போலிருக்கிறது!

வுட்டின் 1953-ம் வருடப் படம் 'க்ளென் ஆர் க்ளெண்டா'வும் இப்படித்தான். அமெரிக்க ராணுவத்தில் இருந்த ஒருவர் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கிறிஸ்டின் ஜார்கென்சன் என்ற பெண்ணாகத் திரும்பிய செய்தி 1952 டிசம்பரில் நாட்டையே கலக்கியது. அந்தச் சூட்டில் காசு பார்க்க ஒரு தயாரிப்பாளர் வுட்டைப் பிடித்தார். வுட் என்ன செய்தார்? பெண்ணுடை அணிய விரும்புகிற ஓர் ஆணின் கதையை எடுத்து, தானே வேறு பெயரில் நாயகனாக நடித்து, இவர்களை நிம்மதியாக விடுங்கள் என்று கெஞ்சுகிற மாதிரிப் படத்தை முடித்தார். வுட்டுக்கே அந்தப் பழக்கம் உண்டு. படத்துக்குள் நின்று பார்த்தால் சம்பந்தமில்லாமல் காட்டெருமைகள் ஓடுகின்றன, லுகோசி நாற்காலியில் உட்கார்ந்து என்னவோ உளறுகிறார், சிரிக்கலாம். 1953-ல் இதை வாய்விட்டுச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது படத்துக்கு வெளியே இருக்கிறது.

வுட்டாவது சினிமாவே கதி என்று கிடந்தவர். 'மேனோஸ்: தி ஹாண்ட்ஸ் ஆஃப் ஃபேட்' எடுத்தவர் உரம் விற்கிறவர். டெக்சாஸ் மாநிலத்து எல் பாசோ ஊர்க்காரரான ஹெரால்ட் வாரன், ஸ்டர்லிங் சிலிஃபன்ட் என்ற பெரிய திரைக்கதாசிரியரிடம், பேய்ப் படம் எடுப்பது ஒன்றும் கஷ்டமில்லை, நானே எடுத்துக் காட்டுகிறேன் என்று பந்தயம் கட்டினார். கிட்டத்தட்ட 19,000 டாலரில் எடுத்தும் விட்டார். கையால் சாவி கொடுத்து ஓட்டுகிற 16 எம்எம் கேமரா, ஒரு தடவைக்கு 32 வினாடிதான் ஓடும். படப்பிடிப்பில் ஒலிப்பதிவே கிடையாது. பிறகு மூன்று நான்கு பேர் உட்கார்ந்து எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்தார்கள். நடிகர்களுக்குச் சம்பளம் இல்லை, லாபத்தில் பங்கு. லாபம் எங்கே வந்தது! கைமேல் ஏதாவது கிடைத்தது இரண்டு பேருக்குத்தான்: நடித்த சின்னப் பெண்ணுக்கு ஒரு சைக்கிள், அவள் வீட்டு நாய்க்குக் கொஞ்சம் நாய்த் தீனி.

1966 நவம்பர் 15-ல் ஊரிலேயே முதல் காட்சி. நட்சத்திரங்கள் காரில் வந்து இறங்க வேண்டும் அல்லவா? ஒரே ஒரு லிமோசின். அது ஒரு கூட்டத்தை இறக்கிவிட்டுத் தெருவைச் சுற்றிப் போய் அடுத்த கூட்டத்தை ஏற்றி வந்தது. உள்ளே படம் ஓட ஆரம்பித்ததும் ஊரே சிரித்தது. திரையில் தன் வாயிலிருந்து யாரோ ஒரு பெரிய பெண்ணின் குரல் வருவதைக் கேட்டு அந்தச் சிறுமி அழுதாள். டோர்கோ என்ற வேலைக்காரனாக நடித்த ஜான் ரெனால்ட்ஸ் அதைப் பார்க்க இல்லை. ஒரு மாதத்துக்கு முன்பே தற்கொலை செய்துகொண்டார், வயது 25.

1993-ல் 'மிஸ்டரி சயன்ஸ் தியேட்டர் 3000' என்ற டிவி நிகழ்ச்சியில் இந்தப் படம் வந்த பிறகுதான் உலகத்துக்கே தெரிந்தது. ஒரு மனுஷனும் இரண்டு ரோபோ பொம்மைகளும் திரைக்குக் கீழே உட்கார்ந்து படம் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் பேச்சும் பெரும்பாலும் படத்தைப் பற்றியே இருக்காது, பழைய விளம்பரம், பாட்டு, அரசியல் என்று தாவும். ஆனால் அதைப் பார்த்த மணிக்காரர்கள் டோர்கோவின் நடையை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். காலில் மாட்டிய கம்பிச் சட்டத்தைத் தலைகீழாக மாட்டினார், அதனால் முட்டி போயிற்று, வலி மாத்திரைக்கு அடிமையானார், செத்தார் என்று ஒரு கதையும் கட்டிவிட்டார்கள். அச்சடித்த மாதிரி எல்லோரும் அதையே சொன்னார்கள். வளர்ந்து பெரியவளான அந்தச் சிறுமி, ஜாக்கி நேமன் ஜோன்ஸ், அதெல்லாம் இல்லை என்று மறுத்தார். அவருடைய அப்பாதான் படத்தில் வில்லன், அந்தக் கால்சட்டம் உட்படச் சாமான்கள் செய்ததும் அவர்தான். படத்தை விட்டு வெளியே வந்து, அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள் என்று யாராவது கேட்டிருக்காவிட்டால், ஒரு செத்த இளைஞனின் மேல் அந்தப் பொய் இன்னும் உட்கார்ந்திருக்கும்.

படமே மிஞ்சியதும் அப்படித்தான். 2011-ல் பென் சொலோவி என்பவர் மொத்தமாக வாங்கிய பழைய ஃபிலிம் சுருள்களில் மேனோஸின் மூல எடிட்டிங் பிரதி கிடைத்தது. பொதுமக்களிடம் காசு வசூலித்து அதைச் சுத்தம் செய்து, 2015-ல் புளூ-ரேயாக வெளியிட்டார்கள். இந்தக் கண்றாவியை எதற்கு மீட்டெடுக்க வேண்டும் என்று கேட்காதவர்கள் காசு கொடுத்தார்கள். ஃபிலிம் எப்படி அழுகும், வண்ணம் எப்படி வெளுக்கும் என்று மணிக்கணக்கில் தடம் மாறிப் பேசுகிறவர்கள்.

தடம் மாறின பேச்சு ஒரு நாட்டின் சட்டத்தையே நோண்டிய கதையும் இருக்கிறது. 1936-ல் கஞ்சா குடித்தால் கொலை, பைத்தியம் என்று பயமுறுத்த எடுத்த படம் 'ரீஃபர் மேட்னஸ்'. 1972-ல் கஞ்சா சட்டத்தைத் தளர்த்தக் கோரும் ஓர் அமைப்பை நடத்திய கீத் ஸ்ட்ரூப், அமெரிக்க காங்கிரஸ் நூலகத்திலிருந்து அதன் பிரதியை 297 டாலருக்கு வாங்கிக் கல்லூரி கல்லூரியாகப் போட்டு அமைப்புக்கு நிதி திரட்டினார். மாணவர்கள் சிரித்தார்கள், சிரித்து முடித்துவிட்டுச் சட்டத்தைப் பற்றிப் பேசினார்கள். அந்தச் சட்டம் சரியா தப்பா என்பது வேறு வழக்கு. ஆனால் அங்கே ஒரு மணிக்காரர் எழுந்து "சட்டம் கிட்டம் எல்லாம் வேண்டாம், அந்தப் பியானோ காட்சியைப் பத்திப் பேசுவோம்" என்று சொல்லியிருந்தால் எவ்வளவு அபத்தமாக இருந்திருக்கும்! அதே படத்தை விநியோகித்துக் காசு பார்த்து வளர்ந்த சின்னக் கம்பெனிதான் நியூ லைன் சினிமா, பின்னாளில் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எடுத்தவர்கள். இதுவும் தடம் மாறல்தான், சொல்லிவிட்டால் சுவாரசியமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

மணிக்காரர் தரப்பில் ஒரே ஒரு நியாயம் உண்டு. தடம் மாறுகிற பேச்சு சாக்கடையிலும் போய் விழும். 'தி ரூம்' எடுத்த டாமி விசோ எந்த ஊர்க்காரர், வயது என்ன, 60 லட்சம் டாலர் என்கிறார்களே, பணம் எங்கேயிருந்து வந்தது என்று துருவித் துருவிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர் அமெரிக்கர் என்று சொல்லிக்கொள்கிறார், அதற்கு மேல் சொல்லப் பிரியப்படவில்லை. இதைத் துருவிய 'ரூம் ஃபுல் ஆஃப் ஸ்பூன்ஸ்' ஆவணப்படத்தின் மேல் விசோ கனடாவில் வழக்குப் போட்டு, 2020-ல் தோற்றார். கோர்ட் சொன்னது ஆவணப்படம் எடுக்க உரிமை உண்டு என்பதுதான். அவர் உச்சரிப்பைக் கிண்டல் அடித்துக்கொண்டே பாஸ்போர்ட்டைக் கேட்பது நாகரிகம் என்று எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை. லுகோசியின் ஊசியைப் பற்றி மட்டும் பேசிச் சிரிக்கிறவர்களும் இதே ரகம்.

ஆனால் இந்த வியாதிக்கு மணிக்காரர் கொடுக்கிற மருந்து தப்பு. உச்சரிப்பைக் கிண்டல் செய்கிறவனைப் படத்துக்குத் திருப்பி அனுப்பினால் என்ன செய்வான்? அங்கேயும் உச்சரிப்பு இருக்கிறது, இன்னும் பலமாகக் கிண்டல் செய்வான். அவனை மேற்கொண்டு போகச் சொல்ல வேண்டும். அந்தப் படத்தில் 35 எம்எம் ஃபிலிம் கேமராவையும் டிஜிட்டல் கேமராவையும் ஒன்றாகப் பொருத்தி எடுத்தார்களே, ஏன்? வாடகைக்கு எடுக்க வேண்டியதையெல்லாம் விலைக்கு வாங்கினாரே, யார் விற்றது, யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லையா? ஆட்கள் நடுவிலேயே விட்டுவிட்டுப் போனார்களே, ஏன்? அதில் நடித்த கிரெக் செஸ்டெரோ 2013-ல் 'தி டிசாஸ்டர் ஆர்ட்டிஸ்ட்' என்று புத்தகம் எழுதி இதற்கெல்லாம் பதில் சொல்கிறார். படித்து முடித்தால் விசோவின் மேல் கோபமும் வரும், பாவமாகவும் இருக்கும். ஸ்பூன் எறியத் தோன்றாது.

'ட்ரோல் 2' என்று 1990-ல் ஒரு படம். பெயரில்தான் ட்ரோல், படத்தில் ஒரு ட்ரோலும் கிடையாது, எல்லாம் காப்ளின். ஆங்கிலம் சரியாக வராத இத்தாலிய இயக்குநர், யூட்டா மாநிலத்து உள்ளூர் ஆட்களை வைத்து எடுத்தார். அப்பாவாக நடித்தவர் பல் டாக்டர். எழுதியவர் இயக்குநரின் மனைவி. திடீரென்று சைவமாக மாறிவிட்ட நண்பர்கள் மேல் இருந்த எரிச்சலில் எழுதினாராம். படத்தைப் பற்றி மட்டும் பேசுவதானால் இதற்கு ஒரு வாரம் தாராளமாகச் சிரிக்கலாம்.

அதில் சிறுவனாக நடித்த மைக்கேல் ஸ்டீவன்சன் வளர்ந்து பெரியவனாகி, கூட நடித்தவர்கள் எல்லாம் என்ன ஆனார்கள் என்று தேடிப் போய் 2009-ல் 'பெஸ்ட் வொர்ஸ்ட் மூவி' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். பல் டாக்டருக்கு ஒரே குஷி, ஊர் ஊராகப் போய்க் கையெழுத்துப் போடுகிறார். அம்மாவாக நடித்தவர் வீட்டை விட்டு அதிகம் வெளியே வராமல் வயதான தாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், கூப்பிட்டதற்கு வர மறுக்கிறார். படத்தில் கடைக்காரராக வருகிற ஒருவர் உண்டு. அவருடைய வெறித்த பார்வைக்கும் விசித்திரமான பேச்சுக்கும் ரசிகர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். படம் எடுத்த சமயத்தில் அவர் மனநல மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தார். அங்கேயிருந்து அனுமதி வாங்கிக்கொண்டு வந்துதான் நடித்துவிட்டுப் போனார். அந்தக் காட்சியில் நான் நடிக்கவே இல்லை, அப்போது என் நிலைமையே அப்படித்தான் இருந்தது என்கிற அர்த்தத்தில் ஆவணப்படத்தில் அவரே சாதாரணமாகச் சொல்கிறார்.